டிபன் டப்பாவில் காண்டாமிருக வண்டு

தென்னை மரம் சாகும் வரை நாங்கள் அந்த வீட்டில் இருக்கலாம் என்று ஓனர் சொல்லியிருந்தார். எழுத்தில் எதுவும் இல்லை. முற்றத்தில் நின்று, மரத்தை அண்ணாந்து பார்த்தபடி வாயால் சொன்னதுதான்.

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்களுடையது காம்பவுண்டு வீடு. ஒரே இரும்புக் கேட்டுக்குள் ஆறு சின்ன வீடுகள், நடுவில் சிமெண்டு முற்றம், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய், ஒரு தென்னை மரம். இடத்தை ஒரு பில்டருக்குக் கொடுத்துவிட ஓனருக்கு ஆசை. ஆனால் பச்சைத் தென்னையில் கத்தி வைக்கப் பயம். அவர் பிறந்த வருஷம் அவருடைய அம்மா நட்ட மரம் அது. தம்பி பிறந்தபோது அந்த அம்மா பக்கத்திலேயே இன்னொன்றும் நட்டிருக்கிறார். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் தம்பியின் மரம் காற்றில் சாய்ந்தது. அதே மாதம் தம்பி பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அண்ணனும் தம்பியும் சொத்துத் தகராறில் பேச்சே இல்லாதவர்கள். ஆனாலும் இந்தச் செய்தி மட்டும் ஓனருக்கு உடனே வந்து சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் பாத்ரூமுக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போகிறார் என்று அவருடைய மனைவி என் மனைவியிடம் சொன்னாராம்.

"பச்ச மரத்துல நான் கை வைக்க மாட்டேன். அது தானா போகட்டும். அதுவரைக்கும் நீங்க இருங்க," என்றார்.

தானாகப் போனால் மட்டும் அவருக்கு ஒன்றும் ஆகாதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அவர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார் என்று பயம்.

நான் கூச்ச சுபாவம் உள்ளவன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால், முன்னால் நிற்பவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்ல வாய் வராமல், அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். பெங்களூரில் வாடகைக்கு வீடு தேடுவது என்றால் தெரியாத கேட்டுகளின் முன்னால் நிற்க வேண்டும். எந்த ஊர், என்ன ஆளுங்க, கறி சமைப்பீங்களா, சொந்தக்காரங்க வந்து தங்குவாங்களா என்று மாடியில் இருந்து ஒரு தலை கேட்கும். தெரு முழுக்கக் கேட்கும்படி நான் கீழே இருந்து கத்திப் பதில் சொல்ல வேண்டும். அதனால் என் ரத்த அழுத்தத்தைவிட அந்த மரத்தின் உடம்பைத்தான் நான் அதிகமாகக் கவனித்து வந்தேன்.

முதலில் ஓலைகள் வித்தியாசமாக வந்தன. பள்ளிக்கூடத்தில் காகிதத்தை மடித்துக் கத்தரியால் ஓரத்தை வெட்டி விரித்தால் வரிசையாகப் பூ விழுமே, அந்த மாதிரி. புதிதாக விரிகிற ஒவ்வொரு ஓலையிலும் இரண்டு பக்கமும் முக்கோண முக்கோணமாக வெட்டு. பார்க்க அழகாகக்கூட இருந்தது. என் மனைவிக்கு மட்டும் சந்தேகம்.

"ஏங்க, ஓனர் யாரையாவது வச்சு வெட்டுறாரா?"

"அவ்வளவு உயரத்துல ஏறி ஓரத்துல மட்டுமா வெட்டுவாங்க?"

"கொஞ்சம் கொஞ்சமா சாகடிச்சா பாவம் இல்லன்னு யாராச்சும் சொல்லியிருப்பாங்க."

பக்கத்து வீட்டு அண்ணன் கோலார் தங்கவயல்காரர். சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூருக்கு வந்து, இப்போது ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டியாக இருக்கிறார். சுரங்கத்துக்குள் வெடி வைத்த பிறகு, தலைக்கு மேலே இருக்கிற பாறையைக் கம்பியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார்களாம். பாறை நன்றாக இருந்தால் மணி மாதிரி சத்தம் வரும், விட்டுப்போயிருந்தால் பானை மாதிரி வரும். அண்ணன் எதையும் அப்படித்தான் சோதிப்பார். தர்பூசணி, காஸ் சிலிண்டர், எங்கள் வீட்டுச் சுவர் எல்லாம் அவர் கையால் தட்டு வாங்கியவை. இப்போது தென்னையைத் தட்டி, தண்டில் காதை வைத்துக் கண்ணை மூடினார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம்.

"மணிதான். மரம் நல்லா கீது," என்றார்.

பிறகு முற்றத்தின் ஓரத்தில் கிடந்த பழைய தென்னந்துண்டின் மேல் வந்து உட்கார்ந்தார். அது சாய்ந்துபோன தம்பி மரத்தின் அடிப்பாகம். யாரும் எடுத்துப்போகாததால் எங்களுக்கு அதுதான் பெஞ்சு. உட்கார்ந்ததும் முகம் மாறியது.

"ஆனா எங்கயோ கொறிக்குதுபா. கரக், கரக்னு. இப்பவும் கேக்குது."

"மரத்த விட்டுத் தள்ளி வந்துட்டீங்களே அண்ணே."

"தள்ளி வந்தப்புறம்தான் நல்லா கேக்குது."

வருஷக்கணக்காக வெடிச்சத்தம் கேட்ட காது, அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேங்காய் பறிக்கிற மண்டியாக்காரரைக் கூப்பிட்டோம். அவர் உச்சிக்குப் போய் மட்டைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். குருத்தின் அடியில் ஒரு ஓட்டை. ஓட்டையின் வாயில், மென்று துப்பிய நார் குவிந்து கிடக்கிறது. கம்பியை விட்டுக் கிளறியதும் உள்ளே இருந்த ஆசாமி கோபத்தோடு பின்பக்கமாகவே நகர்ந்து வெளியே வந்தானாம். அதை ஒரு பழைய துணியில் முடிந்து கீழே போட்டார்.

என் மனைவி முடிச்சை அவிழ்த்தாள். கறுப்பாக, செருப்புக்குப் பாலிஷ் போட்டது போல மின்னிக்கொண்டு, என் கட்டைவிரலைவிடத் தடிமனாக ஒரு வண்டு. தலையில் பின்பக்கம் வளைந்த ஒரு கொம்பு. கால்களில் ரம்பம் மாதிரி முள். மல்லாந்து விழுந்தபோது வயிற்றுப் பக்கம் செம்பட்டை முடி தெரிந்தது. விரலால் தொட்டதும் அது புஸ், புஸ் என்று சீறியது.

"ஐயோ, இது மூச்சு விடுதுங்க!"

அது மூச்சு இல்லை, வயிற்றின் பின்பக்கத்தை இறக்கை ஓட்டில் தேய்த்து எழுப்புகிற சத்தம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது நானும் இரண்டு அடி பின்னால் போனேன்.

மண்டியாக்காரர் இறங்கி வந்து விஷயத்தைச் சொன்னார். காண்டாமிருக வண்டு. விரியாத குருத்துக்குள் துளைத்துக்கொண்டு போய், மென்று சாற்றைக் குடிக்கும். மடித்து வைத்த ஓலையில் ஒரு ஓட்டை போட்டால், விரிகிறபோது வரிசையாக வெட்டு தெரியும். அதாவது இப்போது நாம் பார்ப்பது எப்போதோ கடித்தது. இப்போது கடிப்பது இனிமேல்தான் தெரியும். குருத்தின் மொட்டையே தின்றுவிட்டால் மரம் அவ்வளவுதான். சொல்லிவிட்டு வண்டை நசுக்கச் செருப்பைத் தூக்கினார்.

"ஏய், நிறுத்து!"

கடைசி வீட்டு அக்காவின் குரல். அக்கா கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்க்கிறவர். அவருடைய குடும்பம் பௌத்தம் தழுவியது. வீட்டு வாசலில் புத்தர் படம் இருக்கும். அக்கா சொன்னால் தெருவில் லாரியே நிற்கும், செருப்பு நிற்காதா?

"நாங்க பஞ்சசீலம் எடுத்தவங்க. இந்தக் காம்பவுண்டுல ஒரு உயிர அடிக்கக் கூடாது."

"அக்கா, இத அடிக்கலன்னா நாமதான் ரோட்டுக்குப் போவணும்," என்றார் தங்கவயல் அண்ணன்.

"அப்போ அதக் கொண்டுபோய் வேற எங்கனா விடு. அடிக்காத."

"எங்க வுடறது? பக்கத்துல வுட்டா திரும்பி வரும்."

"தூரமா விடு. இங்க யாரு தூரமா வேலைக்குப் போறது?"

எல்லோரும் யோசித்தார்கள். நான் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறேன். தினமும் மெட்ரோவில் போய் வருகிறேன். யாரும் என் பெயரைச் சொல்வதற்கு முன்பே எனக்கு வியர்த்துவிட்டது. மறுப்பதற்கு ஒரு நல்ல வாக்கியத்தை நான் மனதுக்குள் தயார் செய்துகொண்டிருந்தேன். தயாராவதற்குள் அக்கா சொன்னார்:

"தம்பி ஒண்ணும் சொல்லல பாரு. சரின்னுதான் அர்த்தம். தங்கமான மனுசன்."

அப்படித்தான் நான் வண்டு கொண்டுபோகிறவன் ஆனேன். வாரம் ஒருமுறை மண்டியாக்காரர் மேலே இருந்து எடுத்துத் தருவார். மற்ற நாட்களில் பொழுது சாய்ந்ததும் முற்றத்து விளக்குக்கு வந்து முட்டி விழுகிறவற்றைப் பொறுக்குவோம். இவ்வளவு பெரிய கொம்பு இருந்தும் அதற்கு ஒழுங்காகப் பறக்கத் தெரியாது. யாரோ தூக்கி எறிந்தது போல வந்து சுவரில் மோதி, மல்லாந்து விழுந்து, ஆறு காலையும் ஆட்டிக்கொண்டு கிடக்கும். காலையில் என் மனைவி ஒரு பழைய எவர்சில்வர் டப்பாவில் கொஞ்சம் தேங்காய் நாரை வைத்து, அதன் மேல் வண்டுகளை வைத்து, மூடியை லேசாகத் திறந்தபடி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுப்பாள். இன்னொரு டப்பாவில் எனக்குச் சாப்பாடு. இரண்டும் ஒரே அளவு என்பதால் வண்டு டப்பாவின் மேல் குங்குமம் வைத்துவிடுவாள்.

மெட்ரோ ஸ்டேஷனில் பையை மிஷினுக்குள் விட வேண்டும். முதல் நாள் பை உள்ளே போய் நின்றது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த செக்யூரிட்டி முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன்ரீ இது, டப்பாதொளகெ?"

டப்பாவுக்குள் என்ன என்று கேட்கிறார். எனக்குக் கன்னடம் நன்றாகவே வரும். வாய்தான் வராது. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

"ஹுளா, சார்," என்றேன். பூச்சி என்று அர்த்தம்.

"ஊட்டதல்லி ஹுளானா?" சாப்பாட்டில் பூச்சியா என்று அவர் பரிதாபமாகக் கேட்டார்.

இல்லை, இந்த டப்பாவில் பூச்சி மட்டும்தான் என்று நான் சொன்னதும் அவருடைய பரிதாபம் போய்விட்டது. டப்பாவைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். உள்ளே இருந்தது சீறியது. அவர் ஒரு அடி பின்வாங்கி, பெண்கள் பக்கம் நின்றிருந்த செக்யூரிட்டி அம்மாவைக் கூப்பிட்டார். அந்த அம்மா குனிந்து பார்த்துவிட்டு, ரயிலில் பிராணிகளைக் கொண்டுபோக அனுமதி இல்லை என்றார். இது பிராணி இல்லை, பூச்சி என்றார் அவர். கொம்பு இருக்கிறதே என்றார் அந்த அம்மா. கொம்பு இருந்தால் பிராணியா? ஆட்டுக்குட்டிக்குக் கொம்பு இல்லையே, அதைக் கொண்டுபோக விடுவோமா? இருவரும் வெகு சிரத்தையாக வாதம் செய்தார்கள். வரிசையில் நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி போட்டோ எடுத்தாள். நான் தரையில் இருந்த மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் மேலதிகாரி ஒருவர் வந்து, கடிக்குமா என்று மட்டும் கேட்டார். கடிக்காது என்றேன். எங்கே போகிறது என்றார். பீன்யா என்றேன். இறங்கும் வரை மூடியைத் திறக்கக் கூடாது என்று சொல்லி விட்டுவிட்டார். அதற்குப் பிறகு தினமும் காலையில், அந்த ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும், "பன்னி, ஹுளத அண்ணா, இவத்து எஷ்டு ஜன?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வாங்க பூச்சி அண்ணே, இன்றைக்கு எத்தனை பேர்? முதலில் பஸ்ஸிலும் பிறகு மெட்ரோவிலுமாக இருபது வருஷமாகப் போய் வருகிற பாதையில் யாருக்கும் தெரியாமல் இருந்தவன் நான். இப்போது வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

தொழிற்சாலைக்குப் பின்னால் யூகலிப்டஸ் மரங்களும் ஒரு கால்வாயும் உண்டு. பக்கத்தில் தென்னை கிடையாது. அங்கே திறந்து விடுவதாகத் திட்டம். ஆனால் இரண்டாம் நாளே பக்கத்து மிஷின்காரன் பார்த்துவிட்டான். டீ இடைவேளையில் வண்டு, பார்ட்ஸ் சோதிக்கிற இரும்பு மேடைக்கு வந்துவிட்டது. தயாராகி வருகிற உருப்படியை அளப்பது போல, வெர்னியரால் அதன் கொம்பை அளந்தார்கள். நீளமான கொம்பு இருந்தால் ஆண், குட்டையாக இருந்து பின்பக்கம் ஒரு கொத்து முடியும் இருந்தால் பெண் என்று நான் வீடியோவில் பார்த்ததைச் சொன்னேன். அன்றிலிருந்து கொம்பு குட்டையாக இருந்தால் "ரிஜெக்ட்" என்பார்கள். பெண் என்று நான் மெதுவாகச் சொன்னால் "ரீவொர்க்" என்பார்கள். நூல் கட்டி ஒரு இரும்புத் துண்டை இழுக்கச் சொன்னார்கள். அது இழுத்தது. இன்னும் பெரிய துண்டைக் கட்டினார்கள். அதையும் இழுத்தது. அந்த வழியாக வந்த சூப்பர்வைசர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "இதுக்கு ஓவர்டைம் கேக்க வாய் இல்ல, பாத்தீங்களா," என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இவ்வளவு செய்தும் முற்றத்தில் வண்டு குறையவில்லை. மரத்தில் புதிதாக இன்னும் இரண்டு ஓட்டைகள். ஒரு குருத்து காய்ந்து, இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. மண்டியாக்காரர் உதட்டைப் பிதுக்கினார். மாடியில் இருந்து கேள்வி கேட்கிற அந்தத் தலையை நான் ராத்திரியில் கனவில் கண்டேன்.

தங்கவயல் அண்ணன் ஒரு கருத்துச் சொன்னார்.

"நீ அங்க வுடற. அதுங்க திரும்பி மெட்ரோவுலயே வருதுங்கபா."

"எப்படிண்ணே வரும்?"

"லைட்டுக்குத்தான் வருமே. ரயிலுக்குள்ள ஃபுல்லா லைட்டுதான?"

இதை மறுக்க எங்கள் யாரிடமும் ஆதாரம் இல்லை. அதனால் என் மனைவி, அனுப்புகிற ஒவ்வொரு வண்டின் முதுகிலும் சிவப்பு நகப்பாலிஷில் ஒரு பொட்டு வைத்தாள். பிறகு தினமும் சாயங்காலம் விழுகிற வண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பொட்டு வைத்தது ஒன்றுகூடத் திரும்பவில்லை. எல்லாமே புது ஆட்கள். எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கிறார்கள். எங்கிருந்து என்பதுதான் தெரியவில்லை. தென்னந்துண்டின் மேல் வரிசையாக உட்கார்ந்து இதைப் பற்றி நாள்கணக்கில் பேசினோம்.

"கரக், கரக்," என்றார் அண்ணன் நடுவில்.

"அண்ணே, நீங்க டாக்டர்கிட்ட காது காட்டுங்க," என்றாள் என் மனைவி.

ரயிலில் போகும்போது நான் போனில் விவசாய வீடியோக்கள் பார்ப்பேன். மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பேன். ஒன்றில், ஒரு விவசாயி தென்னை மரத்துக்குப் பக்கத்தில் ஒரு வாளியோடு நின்றார். வாளியின் மூடியில் ஒரு சின்ன வாசனைப் பொட்டலம் தொங்கியது. அடுத்த காட்சியில் வாளி நிறைய வண்டு. ஆண் வண்டு, சாப்பாடு இருக்கிற இடத்துக்கு மற்றவர்களைக் கூப்பிட விடுகிற வாசனையைத்தான் அப்படிப் பொட்டலமாக விற்கிறார்கள். விவசாயி மரத்தைக் காட்டிக் கையை வேகமாக ஆட்டி ஏதோ சொன்னார். மரத்தில் கட்டுங்கள் என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மரத்தில் மட்டும் கட்டாதீர்கள், தள்ளித் தூரமாக வையுங்கள் என்று அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னது, பிறகு வீட்டில் சத்தம் வைத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது.

உரக்கடையில் பொட்டலம் வாங்கினோம். தண்ணீர் ஊற்றாத வாளி என்பதால் விழுந்தது சாகாது, காலையில் பீன்யா போகலாம் என்று சொன்னதும் அக்காவும் சம்மதித்தார். மண்டியாக்காரர் ஊருக்குப் போயிருந்தார். ஏணி வைத்து எட்டிய உயரத்தில், மரத்திலேயே வாளியைக் கட்டினோம். நம் மரத்தைக் காப்பாற்றத்தானே வாங்கினோம், வேறு எங்கே கட்டுவது?

அன்று சாயங்காலம்தான் ஓனரும் பில்டரும் வந்தார்கள். ஓலை கிழிந்து தொங்குவதை ரோட்டில் இருந்தே பார்த்துவிட்ட பில்டர், மரம் முடிந்துவிட்டது என்று சொல்லி அவரைக் கூட்டிவந்திருந்தார். பில்டர் நல்ல கனமான மனிதர். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பாருங்க சார், குருத்தே இல்ல. மேல ஒண்ணும் மிச்சம் இல்ல. அடுத்த மாசம் வேலைய ஆரம்பிச்சிடலாம்," என்றார் பில்டர்.

ஓனர் தன் தலையைத் தடவிக்கொண்டார். நாங்கள் எல்லோரும் சுவரோரம் நின்றோம். என் மனைவி என் முதுகில் விரலால் குத்தினாள். ஏதாவது பேசு என்று அர்த்தம். நான் அரை அடி தள்ளி நின்றுகொண்டேன்.

அந்த நேரத்தில்தான் பொழுது சாய்ந்தது. முதலில் ஒன்று வந்தது. ர்ர்ர் என்று எங்கள் தலைக்கு மேல் போய்ச் சுவரில் மோதியது. பிறகு இரண்டு. பிறகு எந்தத் திசையிலிருந்து என்று சொல்ல முடியவில்லை. ஸ்ரீராம்புரத்தில் இருக்கிற வண்டுகள் எல்லாம் எங்கள் காம்பவுண்டுக்கு முகவரி வாங்கிக்கொண்டு வந்தன. வாளிக்குள் விழுந்தது பாதி. மீதி தண்ணீர்க் குடத்தில், காயப்போட்ட துணியில், அக்காவின் தலைமுடியில். ஒன்று பில்டரின் சட்டைப் பாக்கெட்டில் வந்து ஒட்டிக்கொண்டது. அதன் கால் முள் துணியில் மாட்டிவிட்டால் எடுப்பது கஷ்டம். அவர் தட்டத் தட்ட அது சீறியது.

"சார், மூச்சு வுடுது சார், இது!" என்று கத்திக்கொண்டு பில்டர் பின்னால் போய், கால் தடுக்கி, தென்னந்துண்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அங்க ஒக்காராதீங்க, சத்தம் கேக்குது," என்றார் தங்கவயல் அண்ணன்.

மேலே தோல் மட்டும்தான் கெட்டியாக இருந்திருக்கிறது. உள்ளே எல்லாம் மாவு. துண்டு நடுவில் பொதுக்கென்று உடைந்தது. பில்டர் அதற்குள் இறங்கினார். கால்கள் மேலே இருந்தன. நாங்கள் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தபோது, அவர் இருந்த பள்ளத்தில் வெள்ளை வெள்ளையாக ஏதோ நெளிந்தது. என் கட்டைவிரல் தடிமனில் புழுக்கள். ஒவ்வொன்றும் அரைவட்டமாகச் சுருண்டு, தலை மட்டும் பழுப்பாக, வாய் மட்டும் அசைந்துகொண்டு. பள்ளத்தின் ஓரத்தில், கூட்டை விட்டு இன்னும் வெளியே வராத ஒரு வண்டு, இளஞ்சிவப்பு நிறத்தில், ஓடு காயாமல் காத்திருந்தது.

குனிந்து பார்த்தபோது எங்கள் எல்லோருக்கும் அது கேட்டது. கரக், கரக், கரக்.

"நான் சொன்னேனா இல்லியா?" என்றார் அண்ணன். "பூமிக்கு அடியில இருக்கிறவன் சத்தம் எனக்குத் தெரியாதா?"

"இது என்ன புழு?" என்று ஓனர் கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீடியோ பார்த்தவன் நான் ஒருவன்தான். வேறு வழி இல்லாமல், என் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சை அன்று பேசினேன்.

"இதுதான் சார் அந்த வண்டோட குட்டி. மக்கிப்போன மரத்துல முட்டை வைக்கும். இந்தப் புழு பச்சை மரத்தத் தொடாது, மக்கினதத்தான் திங்கும். பெரிசாகிக் கொம்பு மொளைச்சதும் பறந்துபோய்ப் பச்ச மரத்துக் குருத்தத் துளைக்கும். உங்க தம்பி மரத்துல பொறந்து, வளந்து, உங்க மரத்துக்குப் போயிருக்குது, சார்."

வேறு எந்த எண்ணத்தோடும் நான் அப்படிச் சொல்லவில்லை. அது அந்த அண்ணன் தம்பி சமாச்சாரத்தில் போய் விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஓனர் பள்ளத்தைப் பார்த்தார். பிறகு மேலே மரத்தைப் பார்த்தார். அவர் கழுத்து சிவப்பானது.

"அவன் மரமா?"

"ஆமா, சார்."

"அவன் மரத்துல சாப்ட்டு வளந்துட்டு, என் மரத்து உச்சில போய்த் திங்குதா?"

"ஆமா, சார்."

"செத்துக் கிடக்கும்போதும் என்னோடதத்தான் திங்குது!"

பில்டர் சட்டையைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தார். "சார், எப்படியோ மரம் போகப் போகுது. நமக்கு நல்லதுதானே," என்றார்.

அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. ஓனர் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் வண்டுகூடப் பயந்திருக்கும். "போகுதா? அவன் மரத்துக்கிட்ட என் மரம் தோத்துப்போவுதா? அத நான் நின்னு பாத்துக்கிட்டு இருக்கணுமா? போய்யா," என்றார். பில்டர் உள்பனியனோடு போய் வண்டியில் ஏறினார். பாக்கெட்டில் இருந்த வண்டும் சட்டையோடு போயிற்று.

அன்று வாளியை இறக்கித் தூரத்தில் இருந்த காலி மனையின் மூலையில் கொண்டுபோய் வைத்தோம். புழுக்களை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே இருந்தது. அவ்வளவையும் மெட்ரோவில் கொண்டுபோக டப்பா கிடையாது. அக்கா வெகுநேரம் தாடையில் கை வைத்து யோசித்தார். உடைந்த துண்டை முற்றத்தில் புரட்டிப் போட்டுவிட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே போனார். விடிந்ததும் ஸ்ரீராம்புரத்துக் காக்கைகளும் மைனாக்களும் வந்து இறங்கின. ஒரு கல்யாணப் பந்திகூட அவ்வளவு ஒழுங்காக நடக்காது. அக்கா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்.

"அக்கா, அத்தனையும் தின்னுது, பாத்தீங்களா?" என்று என் மனைவி ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"நான் ஒண்ணும் பாக்கல," என்றார் அக்கா உள்ளே இருந்து. "காக்கா எந்தச் சீலமும் எடுக்கலியேம்மா."

அதன் பிறகு ஓனர் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறார். பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கீழே உட்கார்ந்துகொள்வார். மண்டியாக்காரர் மேலே ஏறி, மட்டை இடுக்குகளில் வேப்பம்புண்ணாக்கும் மணலும் கலந்து போடுவார், இரண்டு அந்துருண்டையும் வைப்பார். "என்னா இருக்கு? என்னா தெரியுது?" என்று ஓனர் கீழே இருந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கத்துவார். வண்டு கிடைத்தால் டப்பாவில் வாங்கித் தானே மூடி போட்டு, என் கையில் கொடுத்து, "நாளைக்கு மறக்காம கொண்டுபோங்க," என்பார். இப்போது வாரத்துக்கு ஒன்று கிடைப்பதே அரிது. மெட்ரோ ஸ்டேஷனில், வெறும் சாப்பாட்டோடு போகிற நாட்களில், கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் என்னை உள்ளே விடுகிறார்கள்.

புதிதாக விரிந்த முதல் ஓலையில் வெட்டு இருந்தது. ஓனர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். இது பழைய கடி, அப்போதே குருத்துக்குள் போட்டது, இப்போதுதான் வெளியே தெரிகிறது என்று நான் போனில் சொன்னேன். நானாக ஒருவருக்குப் போன் செய்து பேசியது அதுதான் முதல் தடவை. அடுத்த ஓலையில் வெட்டு குறைவு. அதற்கடுத்தது போன மாதம் விரிந்தது. ஒரு இடத்திலும் கத்தரி விழாமல், முழுசாக, பச்சையாக. அதைப் பார்க்கத் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார் ஓனர்.

அன்று காலையில் என் மனைவி, சமையல்கட்டுச் சுவரில் ஒரு அலமாரி அடிக்கலாமா என்று அவரிடம் கேட்கச் சொன்னாள். நீயே கேளேன் என்றேன். நீங்கதான் ஆம்பள என்றாள். ஓனர் மேலேயே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவருக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு தரம் தொண்டையைச் சரிசெய்துகொண்டு கேட்டேன்.

"அலமாரிதான? தாராளமா அடிங்க," என்றார், கண்ணை எடுக்காமல். "நல்லா ஸ்ட்ராங்கா அடிங்க. மரத்துல மட்டும் ஆணி கீணி அடிச்சிடாதீங்க."

மறுநாள் தொழிற்சாலையில் டிரில் மிஷினை இரவல் கேட்டேன்.